நிலைமொழியும் வருமொழியும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, இலக்கணப் பாடமொன்றை எளிய முறையில் எழுதித் தரலாமென்றே முதலில் எண்ணினோம். அவ்வேளையிற் கனடாவிலுள்ள பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கடிதமொன்று வந்தது. அவர் ரொறன்ரோ நகரிலே பல ஆண்டுகளாக வாழ்பவர். இரு பிள்ளைகளுக்குத் தந்தையார். "ஐயா, என் மூத்த மகன் சனிக்கிழமைகளிலே தமிழ் வகுப்புக்குச் செல்ல மறுக்கின்றான். தன் பள்ளித் தோழரோடு பனித்தரையில் ஹொக்கி விளையாட வேண்டுமென்கின்றான். நான் வற்புறுத்தினால், இந்த நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் மட்டும் ஏன் வேறாக இருக்கவேண்டும் என்று கேட்கின்றான். அவனை எந்த மண்ணுக்கு உரியவனாக வளர்ப்பது?" என்று அவர் எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்து முடித்தபின், நாம் எழுத எண்ணிய இலக்கணப் பாடமும் அவருக்கு விடுக்கவேண்டிய விடையும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதைக் கண்டோம். ஆதலின் இரண்டையும் ஒருசேர இங்கு எழுதுகின்றோம்.

ஒரு நாட்டிலிருந்து பெயர்ந்து வேறொரு நாட்டிற் குடியேறிய மக்கள், அந்நாட்டுப் பொதுச் சமூகத்தோடு கலந்து வாழ்தல் வேண்டுமா? இதுவே வினா. இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையிலே, காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைக் கூறுமிடத்தில், பல மொழி வழங்கும் நாடுகளிலிருந்து வந்தோர் அந்நகரிற் கூடி இனிதாக வாழ்ந்தமை சொல்லப்படுகின்றது. புலம்பெயர்தல் என்று இன்று நாம் வழங்குஞ் சொல்லாட்சியும் அவ்விடத்தே வருகின்றது. வந்தவர் தம் மொழியைத் துறந்தனர் என்று புலவர் கூறவில்லை. ஊராரை ஒதுக்கி வாழ்ந்தனர் என்றுங் கூறவில்லை. கலந்து வாழ்ந்தமையே அவர் காட்டுங் காட்சி. கலத்தல் வேறு, கரைதல் வேறு என்பதை நாம் இங்கே தெளிந்துகொள்ளல் வேண்டும். அரிசியும் பயறும் ஒரு பானையிற் கலந்து பொங்கலாகின்றன. உண்பவன் கண்ணுக்கு இரண்டுந் தெரிகின்றன. உப்பு நீரிற் கரைந்தால் உப்பைக் காணமுடிவதில்லை.

இனி, கீழ்வகுப்பு மாணவர்க்கு நாம் கற்பிக்கும் புணரியலை நினைவூட்டிக்கொள்வோம். முன்னே நிற்குஞ் சொல் நிலைமொழி. அதனோடு வந்து சேருஞ் சொல் வருமொழி. பவணந்தி முனிவர் நன்னூலிலே இவை சேரும் முறையை இயல்பு என்றும் விகாரம் என்றும் பகுத்து, விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படுத்தினார். பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆகும்போது இரண்டும் மாறுவதில்லை, இது இயல்பு. வாழையும் பழமும் சேரும்போது இடையிலே பகர மெய் தோன்றி வாழைப்பழம் ஆகின்றது. கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண். ஈண்டு நிலைமொழியின் லகரமும் திரிந்தது, வருமொழியின் தகரமும் திரிந்தது. மரமும் வேரும் சேரும்போது மகரங் கெட்டு மரவேர் ஆகின்றது. மாணவர் இவ்விதிகளைத் தேர்வுக்காக மனனஞ் செய்வர். தேர்வு முடிந்ததும் மறப்பர். ஆயின் இவற்றுள்ளே வாழ்க்கைக்குப் பயன்படும் மூன்று உண்மைகள் உள. சேர்க்கையால் இரு சொல்லின் பொருளும் அழிவதில்லை என்பது ஒன்று. மாற்றம் வருமொழிக்கு மட்டும் உரியதன்று, நிலைமொழியும் மாறுகின்றது என்பது மற்றொன்று. இரு சொற்களும் அருகருகே நிற்பினும் இடையிலே நிறுத்தி விட்டிசைத்தாற் புணர்ச்சி நிகழாது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் மனத்திற் கொண்டு, குடியேறிய மக்கள் சிலரின் வரலாற்றை நோக்குவோம்.

முதலில் நம் பாட்டனார் காலத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். ஆங்கிலங் கற்ற அவர்களைப் புகையிரதப் பகுதியும் அரசாங்கக் கந்தோர்களும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் அமர்த்தின. அவர்கள் அனுப்பிய பணத்தால் இங்கே கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் திருப்பணி கண்டன, பள்ளிக்கூடங்கள் வளர்ந்தன. மலாயாப் பென்சன் என்னுந் தொடர் நம் ஊர்ப் பேச்சிலே மதிப்புக்குரிய சொல்லாயிற்று. அவர்களிற் பலருக்கு மலாயா உழைக்கும் இடம்; யாழ்ப்பாணமே ஊர். திருமணம் இங்கே நிகழ்ந்தது. பிள்ளைகளிற் சிலர் இங்கே படித்தனர். ஓய்வு பெற்றபின் பெரியவர்களும் திரும்பினர். இது பொன்மலை போன்ற இயல்புப் புணர்ச்சி. ஒரு தலைமுறைக்கு இது போதுமானது; இதிற் குறைகாண்பதற்கில்லை. ஆயின் 1957ஆம் ஆண்டிலே மலாயா விடுதலை பெற்றபோது, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் முன்னே வேறொரு வினா எழுந்தது. தந்தையார்க்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. பிள்ளைக்கோ பிறந்த இடமே ஊர். தந்தைக்குப் பொருந்திய முறை மைந்தனுக்கும் பொருந்தும் என்று எண்ணியவர்கள் இடர்ப்பட்டனர்.

அக்காலத்து இருவருடைய பிறப்பும் வாழ்வும் இங்கே கருதத்தக்கவை. 1898ஆம் ஆண்டிலே மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்த குழந்தையொன்று யாழ்ப்பாணத்துக்குக் கொணரப்பட்டுத் தெல்லிப்பழையிலே வளர்ந்தது. அவரே தந்தை செல்வநாயகம். 1915ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையிற் பிறந்த குழந்தையொன்று மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிரம்பானிலே வளர்ந்தது. அவரே சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சராய் 1965ஆம் ஆண்டிற் பதவியேற்ற சி. இராசரத்தினம். ஒருவர் அங்கிருந்து இங்கு வந்தார். மற்றவர் இங்கிருந்து அங்குச் சென்றார். இருவரும் தாம் வளர்ந்த மண்ணின் பொதுவாழ்விலே இறங்கி, அம்மண்ணுக்கு உரியவராயினர். பிறந்த இடம் அவர்களுக்குத் தடையாகவில்லை.

சிங்கப்பூரிலே 1964ஆம் ஆண்டில் இனக் கலவரங்கள் நிகழ்ந்து உயிர்கள் அழிந்தன. அந்நிகழ்ச்சிகளின் நினைவு ஆறாதிருந்த 1966ஆம் ஆண்டிலே, பள்ளி மாணவர் நாள்தோறும் கூறவேண்டிய உறுதிமொழியை இராசரத்தினம் வரைந்தார். இனம், மொழி, சமயம் என்னும் வேறுபாடு பாராது ஒரே மக்களாய் நிற்றல் வேண்டும் என்பது அதன் உட்கிடை. அந்நாட்டிலே பெரும்பாலார் சீனர். ஆயினும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகளாயின. அரசினர் கட்டிய மாடி வீடுகளிலே ஓரினத்தார் மட்டும் ஒரு புறமாய்த் திரண்டு வாழாவண்ணம், ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வோரினத்தார்க்கும் இவ்வளவு வீடென 1989ஆம் ஆண்டிலே வரையறை செய்தனர். தம் விருப்பப்படி வீடு விற்கவும் வாங்கவும் இதனால் முட்டுப்பாடு உண்டெனக் குறை கூறுவோரும் உளர். எனினும் சீனர் வீட்டு வாயிலுக்கு எதிரே தமிழர் வீட்டு வாயிலிற் கோலம் இருப்பது அங்கு இயல்பாயிற்று. இதனை நாம் தோன்றல் என்போம். வாழையிலும் பழத்திலும் தனித்தனியே நோக்கினால் இல்லாத எழுத்து, அவை சேருமிடத்திலே தோன்றுவது போல, வந்தவரிடத்தும் இருந்தவரிடத்தும் முன்பு இல்லாத ஒரு பொது ஒழுங்கு அவர்கள் கூடிய இடத்திலே தோன்றிற்று.

திரிதலுக்கு எடுத்துக்காட்டு மலாக்காச் செட்டிகள். மலாக்காவிலே மலாய் மன்னர் ஆண்ட காலத்தில் வாணிகத்துக்குச் சென்ற தமிழர், அந்நாட்டுப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். அவர் வழித்தோன்றல்களின் வீட்டுமொழி இன்று மலாய். பெண்டிர் உடுப்பதும் மலாய் உடை. ஆயினும் அவர்கள் சைவர். ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1781ஆம் ஆண்டில், அங்கு எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் வழிபாடுடன் விளங்குகின்றது. தைப்பொங்கலை ஒட்டி முன்னோர்க்குப் படையலிடும் வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. தமிழ் பேசாத இவர்களைத் தமிழர் என்பதா, மலாயர் என்பதா என்று நாம் வழக்காடலாம். அவர்களோ தம் வழியிலே அமைதியாக வாழ்கின்றனர். கற்றூண் என்னுஞ் சொல்லிலே கல்லைக் காணோம் என்று ஒருவன் கூறுவானாயின், அவனுக்குப் பிரித்துக் காட்டினாற் போதும்.

கெடுதலுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு வரலாற்றைக் காட்டுவோம். பிரான்சு நாட்டிலே ஹியூகனோ எனப்பட்ட புரட்டஸ்தாந்தக் கிறித்தவர்க்கு வழிபாட்டுரிமை அளித்து 1598ஆம் ஆண்டிலே பிறந்த கட்டளையைப் பதினான்காம் லூயி மன்னன் 1685ஆம் ஆண்டில் நீக்கினான். ஏறக்குறைய 50,000 பேர் இங்கிலாந்துக்கு ஓடி வந்தனர். ஆங்கிலத்திலே அகதியைக் குறிக்குஞ் சொல் இவர்களைக் கொண்டே முதன்முதல் வழக்கில் வந்தது. இலண்டனிலே ஸ்பிற்றல்பீல்ட்ஸ் என்னும் பகுதியில் இவர்கள் பட்டு நெய்தனர். வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று அந்நகரத்து நெசவாளர் முணுமுணுத்தனர். சில தலைமுறைகளுள் அவர்களுடைய பிரெஞ்சு மொழி வீட்டிலிருந்து மறைந்தது. பெயர்கள் ஆங்கில ஒலி பெற்றன. ஈற்றிலே ஆங்கிலேயருள் எவர் ஹியூகனோ வழியினர் என்று அறிதலும் அரிதாயிற்று. அவர்கள் நெசவுத்தொழிலுக்கும் வாணிகத்துக்கும் ஊட்டிய வளம் அந்நாட்டில் நின்றது, மொழி நிற்கவில்லை. இதனை முழு இழப்பு என்பதா? உயிர் தப்பி வந்தவரின் பேரப்பிள்ளைகள் அச்சமின்றி வாழ்ந்தனர். அதுவும் ஒரு பேறே. எனினும் ஒரு மொழி வீட்டை விட்டு நீங்கும்போது, பாட்டி பேரனுக்குச் சொல்ல நினைத்தவை சில சொல்லப்படாமலே போய்விடுகின்றன.

அப்பகுதியிலேயே, பிறிக் லேன் என்னுந் தெருவில், 1743ஆம் ஆண்டிலே ஹியூகனோ மக்கள் கட்டிய தேவாலயமொன்று உளது. பின்னர் அது மெதடிஸ்த திருச்சபையாரின் ஆலயமாயிற்று. 1898ஆம் ஆண்டில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று. 1976ஆம் ஆண்டில், வங்காளத்திலிருந்து வந்த முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. சுவர்கள் பழையவை, வழிபடுவோர் புதியவர். நிலைமொழியும் மாறுகின்றது என்று மேலே கூறினோமே, அதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வந்தவர்களால் இலண்டனும் மாறிற்று.

இதுகாறும் கூறிய வரலாறுகளிலெல்லாம், தாமதமாகவேனும் கதவு திறந்தது. கதவு அடைக்கப்பட்ட வரலாறொன்று நம் நாட்டிலேயே உண்டு. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வருகையிற் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர் பலர். எஞ்சியோர் லயன் அறைகளிலே குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக்குள்ளேயே தனிப் பள்ளி; நோயாளிக்குத் தோட்டத்துக்குள்ளேயே மருந்து; கடையும் கணக்கும் அங்கேயே. ஊராரோடு அவர்களைக் கலவாது வைத்தவர் தோட்டத்தை நடத்தினவர்கள். நூறாண்டுக்கு மேலாக இவ்வாறு வேறாக்கி வைத்தபின், இவர்கள் இந்நாட்டோடு ஒட்டாதவர்கள் என்று கூறி, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் புறத்தே நிறுத்தியது. தாமும் தந்தையரும் இந்நாட்டிற் பிறந்தமைக்குப் பதிவுச்சான்று கேட்டால், லயன் அறையிற் பிறந்தவன் எங்கே போவான்? அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று.

அன்று அச்சட்டத்தை எதிர்த்து நின்றோருள் முதன்மையானவர், ஈப்போவிலே பிறந்த செல்வநாயகம். ஆயின் தமிழ்ப் பிரதிநிதிகள் எல்லாரும் ஒருமித்து எதிர்த்திலர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. பின்னர் 1964ஆம் ஆண்டிலே இரு நாட்டுத் தலைவர்களும் ஒப்பந்தஞ் செய்து, 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர் என வகுத்தனர். 1974ஆம் ஆண்டிலே அந்த எஞ்சியோரையும் பாதிபாதியாகப் பிரித்தனர். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே நாடற்ற நிலை நீங்கிற்று. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள்! இது புணர்ச்சியன்று, விட்டிசைத்தல். வருமொழி புணர மறுத்ததன்று; நிலைமொழி இடைவெளியிட்டது. கலவாதவர் என்று ஒருவரைக் குறைகூறுமுன், கலத்தற்கு இடங் கொடுக்கப்பட்டதா என்று கேட்டல் அறம்.

இவ்விடத்திலே நம் குறையொன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நாம் ஆசிரியப் பணிக்குப் புதியவராய் இருந்த நாளில், மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்து, பின்னர் நம் ஊரையடைந்த குடும்பமொன்றின் மைந்தன் எம் வகுப்பிலே சேர்ந்தான். முதல் வாரத்தில் ஒருநாள் அவன் எழுந்து, "அப்பா உங்ககிட்ட பேசணும்னு சொன்னாங்க" என்றான். வகுப்பு முழுவதுஞ் சிரித்தது. நம் ஊரிலே உரையாடுதலைக் கதைத்தல் என்போம். பேசுதல் என்றால் ஏசுதல். தகப்பனார் வாத்தியாரை ஏச வருகின்றாராம் என்று பிள்ளைகள் சிரித்தனர். பேசுதல் என்பதற்கு உரையாடுதலே பொதுப்பொருள்; நம் வழக்கே ஓரிடத்துக்குரியது. தமிழாசிரியராகிய நாம் அதனை அக்கணமே எடுத்துரைத்திருத்தல் வேண்டும். மாணவனுடைய வீட்டுப் பேச்சை இகழலாகாது என்று ஆசிரிய கலாசாலையிலே நமக்குக் கற்பித்துமிருந்தனர். ஆயின் நாமும் சிரித்தோம். அதன்பின் அம்மாணவன் வகுப்பிலே வினாவுக்கு விடையன்றி ஒரு சொல்லுங் கூறியதில்லை. ஆண்டிறுதி அறிக்கையிலே, மற்றவரோடு கலந்து பழகுதல் போதாது என்று எழுதினோம். அவனைத் தனிமையாக்கியவரே தனித்திருக்கின்றான் என்று குறை எழுதியவாறு! மேடைதோறும் கணியன் பூங்குன்றனாரைப் போற்றும் நமக்கு, ஒரே மொழி பேசும் ஒரு பிள்ளையை வகுப்பறைக்குள் ஏற்கும் மனவிரிவு இருந்ததில்லை. கனடாவிலிருந்து கடிதம் எழுதிய அன்பரும் அன்று அவ்வகுப்பில் இருந்தார். அவர் சிரித்தாரோ என்பது நினைவில்லை. நாம் சிரித்தது நினைவிலுண்டு.

நிற்க. குடியேறியோர் கலக்கவே வேண்டுவதில்லை. பிறர்க்குத் தீங்கின்றித் தம் தெருவிலே தம் கடை, தம் கோயில், தம் கூட்டம் என வாழ்ந்தால் என்ன குறை என்று கேட்போரும் உளர். தீங்கு பிறர்க்கன்று, தமக்கே. நாட்டு மொழி அறியாத தொழிலாளி, தன்னினத்து முதலாளி கொடுத்த கூலியைப் பெற்று வாய்மூடி இருக்கவேண்டும். வேறிடத்தில் வேலை கேட்க அவனால் இயலாது. நாட்டு வழக்கம் அறியாத பெண், வீட்டிலே கொடுமை நேரின் எவரிடம் முறையிடுவது என்று அறியாள். அடைத்த வேலி அயலானைத் தடுப்பதைவிட, உள்ளே இருக்கும் எளியவரையே மிகுதியாகத் தடுக்கின்றது. வேறு சிலர், சென்ற நாட்டின் வழக்கமே வழக்கமென எல்லாவற்றையும் கைவிடுவதே அறிவுடைமை என்பர். தன்னுடையதெல்லாம் இழிவென எண்ணித் துறந்தவனை அந்நாட்டாரும் மதிப்பதில்லை. பேரனுக்கு ஒருநாள் தன் வேரை அறியும் ஆவல் எழும். அன்று சொல்லித்தர எவரும் இரார்.

ஆகவே, கடிதம் விடுத்த தம்பிக்கு நாம் கூறும் விடை இது. சேரவேண்டியவற்றிலே முழுமையாகச் சேருக. நாட்டின் மொழியைப் பிழையறக் கற்றல், சட்டத்தை மதித்தல், வாக்களித்தல், பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலே அமர்தல், அயல்வீட்டார் நன்மை தீமைகளுக்குச் செல்லுதல் ஆகியவற்றில் எள்ளளவும் பின்னிற்றலாகாது. 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, நியூபவுண்லாந்துக் கடலில் இரு சிறு படகுகளில் அலைந்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர் கண்டு கரைசேர்த்தனர். அவர்களின் பெயரையோ மொழியையோ அம்மீனவர் அறியார். அத்தகைய நாட்டுக்கு நாம் விருந்தாளியாகவே இருந்துவிடுதல் நன்றியன்று. 2011ஆம் ஆண்டிலே கனடாப் பாராளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தமிழ்ப்பெண் ஒருவர் தெரிவானதும், 2016ஆம் ஆண்டிலே அப்பாராளுமன்றம் தை மாதம் பிறக்கும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றதும், சேர்ந்து வாழ்ந்ததன் பயனேயன்றி ஒதுங்கி வாழ்ந்ததன் பயனல்ல.

காக்க வேண்டியவற்றைக் காத்தலும் வேண்டும். தாய்மொழி, வழிபாடு, முன்னோர் நினைவு, உணவு, பெயர் இவற்றால் எந்த நாட்டுக்கும் இடரில்லை. ஆயின் இவற்றை அச்சுறுத்திக் காத்தல் இயலாது. சனிக்கிழமை வகுப்பும் விளையாட்டும் ஒரே நேரத்தில் வருமாயின், வகுப்பின் நேரத்தை மாற்றுமாறு பெற்றோர் கூடிக் கேட்கலாமே! பிள்ளையின் மகிழ்ச்சிக்குப் பகையாக நிற்கும் மொழி அவன் நெஞ்சிலே தங்காது. அவன் ஆடுமிடத்துக்குத் தந்தையும் சென்று பனியிலே நின்று பார்க்கட்டும். திரும்பி வரும் வழியிலே அந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழிலே கதைக்கட்டும். தமிழ் என்றால் வகுப்பும் தண்டனையும் என்றெண்ணிய பிள்ளைக்கு, தன் ஆட்டத்தையுந் தமிழிலே சொல்லலாம் என்பது புலப்படும்.

கெடவேண்டியதைக் கெடவிடுதலும் வேண்டும். மரவேர் என்னுமிடத்திலே மகரத்தைக் கெடாது வைத்து எழுதினாற் பிழையென நாம் மதிப்பெண் குறைக்கின்றோம். அவ்வாறே, கடல்கடந்தபின்னும் சாதி கேட்டுச் சம்பந்தம் பேசுதலும், ஊர்ப்பகையைப் பெட்டியிற் கட்டிக்கொண்டு போதலும், சீதனக் கணக்கும் வைத்துக் காக்கத்தக்க எழுத்துக்களல்ல. அவற்றை அங்கே விடுவதோடு, இங்கேயும் விடுதல் நன்று.

பண்பாட்டைக் காக்கும் பொறுப்பு வந்தவர்க்கு உளதாயின், இடங்கொடுக்கும் பொறுப்பு இருந்தவர்க்கு உளது. அயல்நாட்டில் நம் பிள்ளைகளின் பெயரைத் திருத்தமாகச் சொல்லவேண்டும், அவர்கள் உணவைக் கண்டு நகைத்தலாகாது என்று நாம் எதிர்பார்க்கின்றோம். அவ்வெதிர்பார்ப்பு நியாயமானதே. அதே நியாயம் நம் வகுப்பறையிலும் தெருவிலும் வழங்குகின்றதா என்று ஆசிரியரும் மாணவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஓரிடத்தில் வருமொழியாய் நிற்கும் நாம், வேறோரிடத்தில் நிலைமொழியாய் நிற்கின்றோம்.

கல்லூரியின் பழைய மாணவர் பட்டியலிலே, அன்று நாம் சிரித்த அம்மாணவன் பெயரும் உளது. இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், அன்று சொல்லியிருக்க வேண்டிய பாடத்தைக் காலந் தாழ்த்தியேனும் சொல்லிவிட்டோம் என்று கருதுக. அவர் தந்தையார் நம்மோடு பேச விரும்பினார். எம் வாயில் இன்றுந் திறந்தே இருக்கின்றது, வந்து பேசுக.